ஒட்டிய யன்னல்

எங்கள் சமையலறையில் அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு சின்ன யன்னல் இருக்கிறது. மேல்நோக்கித் தள்ளித் திறக்கிற பழைய வகை. அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே காலத்தில் ஒரே அச்சில் கட்டப்பட்டவை. எல்லா வீடுகளிலும் அதே இடத்தில் அதே யன்னல் இருக்கும். கட்டியவர்கள் அதை வெளிச்சத்துக்காக வைத்திருப்பார்கள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து மணம் வெளியே போவதற்குப் பாவித்தோம். அடுப்புக்கு மேலே உள்ள விசிறி, காற்றை இழுத்து ஒரு வலையில் வடித்துத் திரும்பவும் எங்கள் முகத்துக்கே விடுகிற சாதி. ஆகவே வெங்காயம் எண்ணெயில் விழுவதற்கு முன்னர் யன்னலைத் திறந்துவிடுவோம், வெளியே பனி கொட்டினாலும். குளிர்காலத்தில் ஒரு தெருவில் எவை தமிழ் வீடுகள் என்று அறிய விரும்புகிறவர், பின்னேரம் ஆறு மணிக்கு எந்தச் சமையலறை யன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அந்த யன்னலை 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஒட்டினோம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவன். இந்த நாட்டில் இறங்கிய நாளிலிருந்து, பெரும்பாலும் இரண்டு வரி: வெளியே எவ்வளவு குளிர், என்ன விலை ஏறியது, யார் வந்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருடப் பக்கங்களில் காஸ் விலை திரும்பத் திரும்ப வருகிறது. எங்கோ ஒரு போர் தொடங்கியிருந்தது. போர் நடக்கிற இடத்தில் வீடுகள் எப்படிக் குளிர்ந்துபோகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது கடல் கடந்து வந்து இன்னொருவன் வீட்டு நிலவறைக்குள்ளும் குளிரை விடும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

செப்டெம்பரில் எனக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். தொழிற்சாலையில் நான் நின்ற மெஷினில் வேறொருவர் நின்றார். வேலைக்குப் போகமுடியாத வருத்தகாலத்துக்கு என்று எனக்கு உதவிப்பணம் வந்தது. அது சம்பளத்தின் நிழல் மாதிரி, உச்சி வெயிலில் விழுகிற நிழல். மனைவி பதினைந்து வருடம் வேலைசெய்த பொதிகட்டும் தொழிற்சாலை அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தது. அவள் நாற்பத்தாறு வயதில் கொலிஜுக்குப் போய், மகளின் வயதுப் பிள்ளைகளோடு இருந்து படித்து, பல் வைத்தியரின் உதவியாளர் என்ற சான்றிதழை வாங்கினாள். நவம்பர் முதல் கிழமையில் யூனியன்வில்லில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். நிரந்தரமானால் மருந்துக் காப்புறுதியும் சேர்ந்து வரும். நான் காலையும் மாலையும் விழுங்குகிற குளிசைகளின் விலையை அறிந்தவர்களுக்கு அந்த மூன்று மாதத்தின் பெறுமதி விளங்கும்.

ஆகவே வீட்டில் நான் இருந்தேன். சமையல் என் கைக்கு வந்தது.

ஒப்பரேசனுக்குப் பிறகு என் உடம்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்க மறுத்தது. கம்பளி உடுப்பு, அதற்கு மேலே இன்னொன்று, காலில் இரண்டு சோடி சொக்ஸ். அப்படியிருந்தும் கம்பிபோட்டுக் கட்டிய நெஞ்செலும்பில் இருந்து குளிர் தொடங்கி விரல்வரைக்கும் நடந்து போகும். மனைவி வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்ரற்றை இருபத்திரண்டு பாகையில் வைத்தாள். கீழே நிலவறையில், காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் ஓய்வில்லாமல் ஓடியது. பிறகு காஸ் பில் வந்தது.

அவள் அதை மேசையில் விரித்து வைத்து வாசித்தாள்.

"போன வருசம் இதே மாசத்தின்ர ஒண்டரை மடங்கு. இன்னும் மார்கழி வரேல்லை."

"அப்ப பதினெட்டில விடுவம்," என்றேன்.

"நீங்கள் நித்திரையில நடுங்கிறது உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்." அவள் எழுந்துபோய் யன்னலடியில் கையை வைத்துப் பார்த்தாள். "இஞ்ச பாருங்கோ. காசைக் குடுத்துச் சூடாக்கிப்போட்டு உதுக்குள்ளால வெளியில விடுறம். உந்த மேப்பிள் மரத்துக்கே நாங்கள் ஹீற்றிங் போடுறது?"

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "மரம் தாங்யூ சொல்லுது அம்மா."

"நீ வாயைப் பொத்து. ஹெயார் ட்ரையரை எடுத்துக்கொண்டு வா."

கடைகளில் விற்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளை யன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, சூட்டுக்காற்றைப் பிடித்தால் சுருக்கமெல்லாம் இழுபட்டு மேளத்தோல் மாதிரி இறுகிவிடும். அவள்தான் ட்ரையரைப் பிடித்தாள். மகள் மூலைகளை அமத்தினாள். எனக்குக் கையை உயர்த்தக்கூடாது என்று தடை, கதிரையில் இருந்து பார்த்தேன்.

"அப்ப நான் எப்பிடிச் சமைக்கிறது?"

"விசிறியைப் போடுங்கோ. எண்ணெயைக் குறையுங்கோ. டொக்ரரும் அதைத்தானே சொன்னவர்."

அதன் பிறகு இரண்டு கிழமை வீடு உண்மையாகவே சூடாக இருந்தது. ஃபேர்னஸ் இடைக்கிடை மூச்சு வாங்கியது. நான் தாளித்தேன், பொரித்தேன், வறுத்த தூள் போட்டு மீன்குழம்பு வைத்தேன். அவை வெளியே போகவில்லை, வீட்டோடு தங்கின. அதற்குள்ளேயே இருக்கிறவனுக்கு அது தெரிவதில்லை. முன்கதவோடு சேர்ந்த கொழுவிகளில் எங்கள் மூவரின் கோட்டுகளும் தொங்கின. சமையலறையிலிருந்து அந்த இடம் பத்தடி தூரம்.

டிசெம்பரில் ஒரு நாள் மனைவி வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

கிளினிக்கின் பல் வைத்தியர் எங்கள் ஆட்களின் பெண்பிள்ளை. முப்பது சொச்சம் வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சம்பளம் கொடுக்கிறவர் அவர்தான், ஆனால் என் மனைவியை 'அன்ரி' என்றுதான் கூப்பிடுவார். அன்று கடைசி நோயாளி போனபின்னர், கருவிகளைக் கிருமி போக அவிக்கிற அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருக்கிறார்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. நானும் உந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளந்தனான்தான். ஆனா பேஷன்ற் ஒராள் சொல்லிப்போட்டார்."

"என்னவெண்டு?"

"ஸ்மெல் எண்டு."

இதைச் சொல்லிவிட்டு மனைவி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். பல் வைத்தியரின் உதவியாளர் நோயாளியின் முகத்துக்கு மேலே குனிந்து நிற்கவேண்டும். வாயை விரித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறவருக்கு மூக்கைத் தவிர வேறெதுவும் வேலைசெய்வதில்லை.

"பிறகு எனக்கு வழியும் சொல்லித் தந்தவா. 'எங்கட அம்மா கோட்டை வீட்டுக்குள்ள கொண்டுவர விடவேமாட்டா அன்ரி, கராஜிலதான் கொழுவுவா. நான் யுனிவேர்சிற்றி முடியும்வரைக்கும் ஐஸ்கட்டி மாதிரிக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனனான்.' அப்பிடிச் சொல்லிப்போட்டு சிரிச்சா. எனக்கும் சிரிக்கத்தான் வேண்டி வந்தது."

"நீர் என்ன சொன்னனீர்?"

"தாங்யூ எண்டன்." பிறகு சொன்னாள்: "ஒரு வெள்ளைக்காரி சொல்லியிருந்தா ரேசிசம் எண்டு நாலு பேருக்குச் சொல்லிப்போட்டு நிம்மதியா இருப்பன். உவ எங்கட பிள்ளை. என்னத்தைச் சொல்ல?"

தொழிற்சாலையில் பதினைந்து வருடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. அங்கே எல்லோருடைய உடுப்பிலும் ஏதாவது ஒரு நாட்டின் அடுப்பு இருந்தது.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனேன். அவள் விடவில்லை. ஒட்டியது ஒட்டினபடி இருக்கட்டும், மற்றவற்றை மாற்றுவோம் என்றாள். அந்தப் பின்னேரமே மாற்றங்கள் தொடங்கின. அவளுடைய கோட் கராஜுக்குப் போனது. கலியாணச் சேலை வந்த சிப் வைத்த துணிப்பை ஒன்றுக்குள் அதைப் போட்டு, பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவினாள். கிளினிக்கில் போடுகிற சீருடையை அங்கேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தலைமயிரைக் குளியலறைப் பிளாஸ்ரிக் தொப்பிக்குள் செருகிவிடுவாள்.

"அம்மா, நீங்கள் லஞ்ச் லேடி மாதிரி இருக்கிறீங்கள்," என்றாள் மகள்.

"லஞ்ச் எங்க? கொப்பர் அவிச்ச கரட்டெல்லோ தாறார்."

அது உண்மை. நான் தாளிப்பதை விட்டேன். பொரிப்பதை விட்டேன். பருப்பை உப்போடு அவித்தேன், மரக்கறிகளை அவித்தேன், கோழியை மிளகும் உள்ளியும் போட்டுத் தண்ணீரில் அவித்தேன். மகள் ஒரு கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, ஆஸ்பத்திரியில இருந்து நீங்கள் டிஸ்சார்ஜ் ஆயிட்டீங்கள், தெரியுமோ?" என்று கேட்டாள்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், அவளிடம் சொல்லவில்லை. முன்னர் கிழமைக்கு இரண்டு தரம் தலை முழுகியவள், இப்போது ஒவ்வொரு காலையும் முழுகினாள். கொதிக்கக் கொதிக்க, நீண்ட நேரம். தண்ணீர் சூடாவதும் காஸில்தான். யன்னலில் மிச்சம் பிடித்தது குளியலறைத் துவாரத்தால் போய்க்கொண்டிருந்தது. யன்னலை இறுக்கிய அதே ட்ரையரால் தலையை உலர்த்திக்கொண்டு, அரைகுறை ஈரத்தோடு பக்கக்கதவால் கராஜுக்குள் இறங்குவாள். கராஜில் சூடாக்கி இல்லை. வெளியே மைனஸ் பன்னிரண்டு என்றால் கோட்டின் உட்புறமும் கிட்டத்தட்ட அதுதான். அதைப் போடும்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வரும், கிணற்றடியில் முதல் வாளி தண்ணீர் தலையில் விழும்போது வருகிற சத்தம். நான் படுக்கையில் கிடந்து அதைக் கேட்பேன். பிறகு இரண்டு பஸ் ஏறி யூனியன்வில்லுக்குப் போவாள். எனக்குக் கார் ஓட்ட அப்போது அனுமதி இல்லை. அவள் கார் ஓட்டப் பழகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் நூலகத்திலிருந்து எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவை, இருநூறு வருடத்துக்கு முன்னர் இந்த நாட்டின் வடக்கே உரோம வியாபாரத்துக்காகக் கோட்டை கட்டி இருந்தவர்களின் நாட்குறிப்புகள். ஒவ்வொரு பதிவும் விறகில் தொடங்கும். இன்று இத்தனை பேர் விறகு தறிக்கப் போனார்கள், இவ்வளவு கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் வருவார்கள்: ஒருவனுக்குக் கால் விறைத்தது, ஒருவன் செத்தான். முதலில் வாசித்தபோது கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். தை மாதம் வந்தபோது என்னுடைய பதிவுகளும் அப்படித்தான் தொடங்கின. தேர்மோஸ்ரற் எத்தனையில், ஃபேர்னஸ் எவ்வளவு ஓடியது. மனைவி எப்படி வந்தாள் என்பது இரண்டாவது வரி.

பொங்கல் முடிந்து அடுத்த கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவியை அவளுடைய சிநேகிதி ஒருவர் காரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சேலைக்கு மேலே, கலியாண வீடுகளுக்குப் போடுகிற மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். வீட்டில் நானும் மகளும்.

"அப்பா, ப்ளீஸ். மீன் பொரியல். ஒரேயொரு தரம்."

"வீட்டுக்குள்ள ஏலாது."

"கராஜ் இருக்குத்தானே?"

கோடையில் பிறந்தநாள் விழாக்களுக்குக் கொத்துரொட்டி போடுகிற காஸ் அடுப்பும், பாதி மிச்சமிருந்த சிலிண்டரும் கராஜில் இருந்தன. தமிழ்க் கடையில் வாங்கிய சூடை மீன் உறைபெட்டியில் கிடந்தது. நாங்கள் இருவரும் அதை ஒரு திருவிழா மாதிரிச் செய்தோம். மூடிய கராஜில் காஸ் எரித்தால் ஆளைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே பெரிய கதவை அரைவாசிக்கு உயர்த்திவிட்டேன். அந்த இடைவெளியால் குளிர் நிலத்தோடு ஊர்ந்து வந்தது. மகள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டினாள். எண்ணெய் காய்ந்தது. முதல் மீன் விழுந்த சத்தத்துக்கு அவள் கைதட்டினாள்.

மூன்றாவது தரம் மீனைப் போடும்போது நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிடிப்பது போல இருந்தது. குளிருக்குள் நிற்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதித்தான் தந்திருந்தார்கள். அடுக்கி வைத்திருந்த காரின் கோடைகால ரயர்களின் மேல் இருந்துவிட்டேன்.

"அப்பா? அப்பா! நயன் வன் வன் அடிக்கவா?"

"வேண்டாம். மீனைப் பிரட்டு, கருகுது."

"ஆர் யூ கிடிங் மீ?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பிரட்டினாள்.

உள்ளே வந்து சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பிடி விட்டது. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று இருவரும் முடிவுசெய்தோம். அந்த முடிவிலேயே எங்கள் முழு மனமும் போய்விட்டது. மற்றது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

மனைவி கோயிலால் வந்து மீனைக் கண்டாள். கராஜில் பொரித்தோம் என்று மகள் சொன்னபோது, "கெட்டிக்காரர்," என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றபடியே ஒன்றை எடுத்தாள். திருநீறு நெற்றியில் இருக்க மீன் சாப்பிட்டாளே என்று அவளைப் பிறகு பகிடி பண்ண நினைத்தேன். தலையைக் கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு ஒன்றரை மாதமாகியிருந்தது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. மைனஸ் பதினாறு. பின்னேரம் அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காலமை கோட்டைப் போடேக்க ஒண்டும் தெரியேல்லை. முதல் பஸ்ஸிலயும் தெரியேல்லை, அதில சனம், கதவு திறந்து திறந்து பூட்டுது. ரெண்டாவது பஸ்ஸில நல்ல ஹீற்றிங். இருந்து கொஞ்ச நேரத்தில கோட் சூடாகத் தொடங்கினது. அப்பதான் எழும்பினது. மீன் மணம். பொரிச்ச எண்ணெய். எனக்குள்ள இருந்து வாற மாதிரி."

குளிருக்குள் மணம் உறங்கிக் கிடக்கும். சூடு பட்டால்தான் எழும்பும். சிப் வைத்த பைதான், ஆனால் துணிப்பை, மணத்தைத் தடுக்காது. கராஜில் அடுப்புக்கும் அந்த ஆணிக்கும் நாலடி இல்லை. வீட்டுக்கு மணம் வரக்கூடாது என்று நாங்கள் அடுப்பைக் கொண்டுபோய், கோட்டை ஒளித்து வைத்த அதே இடத்தில் மூட்டியிருந்தோம்.

"பக்கத்தில இருந்த மனிசி எழும்பி முன்னுக்குப் போயிட்டுது. இறங்கப் போனதோ, என்னால போனதோ, தெரியாது. நான் கோட்டைக் கழட்டி, உட்புறம் வெளியில வரத் திருப்பி, கடைப் பையொண்டுக்குள்ள திணிச்சுக் கட்டினன்."

"பஸ்ஸால இறங்கி?"

"நடந்தன்."

"கோட் இல்லாமலே?"

"சுவெற்றர் இருந்தது."

இறங்குகிற இடத்திலிருந்து கிளினிக்குக்கு நல்ல நடை. நடைபாதை முழுக்கக் காற்று. அவள் போய்ச் சேர்ந்தபோது விரல்களில் உணர்ச்சி இல்லை. வெந்நீரில் பிடித்திருக்கிறாள், அது இன்னும் மோசமாக்கியது. முதல் நோயாளிக்குக் கருவித்தட்டைத் தூக்கும்போது கை பிடிக்கவில்லை. தட்டு முழுவதும் நிலத்தில். டொக்ரர் திரும்பிப் பார்த்து, "இட்ஸ் ஓகே அன்ரி," என்றாராம். நிலத்தில் விழுந்த கருவிகளைத் திரும்ப அவிக்கவேண்டியிருந்ததால் அந்த நோயாளி புதுத்தட்டு வரும்வரை வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

மகள் மேசையில் இருந்தவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி பின்னால் போய்க் கதவில் தட்டினாள். "இஞ்ச, மீன் நல்லாத்தான் இருந்தது. அழாத."

கோட்டை அன்றே கழுவினோம், இரண்டு தரம். மிச்சமிருந்த நாட்களில் ஒரு பிழையும் நடக்கவில்லை. அவள் வெள்ளனப் போனாள், பிந்தி வந்தாள். நான் அவித்தேன். கராஜ் பக்கம் நாங்கள் போகவில்லை. தேர்மோஸ்ரற்றைப் பகலில் யாருக்கும் சொல்லாமல் பதினெட்டுக்கு இறக்கிவிட்டு, அவள் வருகிற நேரத்துக்கு முன்னர் ஏற்றிவைத்தேன். போர்வைக்குள் இருந்து வாசித்தேன். வடக்கே இருந்தவர்கள் அந்த மாதத்தில் தங்கள் கதிரைகளை எரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்று மாதம் முடிகிற நாள் பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமையாக வந்தது. நான் முன்னறையில் இருந்தேன். வழக்கமாக அவள் கராஜ் பக்கத்தால் வருவாள். பக்கக்கதவு திறக்கிற சத்தம், பிறகு சிப் இழுக்கிற சத்தம், அதன் பிறகுதான் ஆள். அன்று முன்கதவு திறந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றினாள். கோட்டைக் கழற்றினாள். சமையலறையிலிருந்து பத்தடி தூரத்தில், நவம்பரில் தொங்கிய அதே கொழுவியில் அதைக் கொழுவினாள்.

அவள் வாய் திறப்பதற்கு முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"மனேச்சர்தான் சொன்னவ. எங்களுக்குச் சரிவரேல்லை, குட் லக் எண்டு. கடிதம் தந்தவ."

"டொக்ரர்?"

"டொக்ரர் இண்டைக்கு வரேல்லை."

"மணத்தாலயோ? தட்டாலயோ?"

"சொல்லேல்லை."

"நீர் கேக்கேல்லையோ?"

"கேட்டு?"

அந்தப் பழைய நாட்குறிப்புகளில் ஒருவன் இறந்தால் பக்கத்தில் ஒரு காரணம் எழுதியிருப்பார்கள். வயிற்றோட்டம், குளிர், மனச்சோர்வு. பிழையான காரணமாக இருக்கலாம், ஆனால் ஏதோ ஒன்று இருக்கும். அன்றைய என் பக்கத்தில் நான் எழுதக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. வயதாக இருக்கலாம். அவளுடைய ஆங்கிலமாக இருக்கலாம். அவளைவிட அனுபவமுள்ள யாராவது வந்திருக்கலாம். ஒரு சூடை மீனாகவும் இருக்கலாம்.

அவள் சமையலறைக்குள் போய் அலுமாரிகளைத் திறந்து மூடுவது கேட்டது.

"இஞ்சருங்கோ, மோர்மிளகாய் எங்க வைச்சனீங்கள்?"

"மேல்தட்டில. ஏன்?"

"பொரிக்கப் போறன். வெள்ளிக்கிழமை, இல்லாட்டி மீனே பொரிச்சிருப்பன்."

பிளாஸ்ரிக் தொப்பி அன்று குளியலறையிலேயே கிடந்தது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். கடுகு வெடித்தது, கறிவேப்பிலை சீறியது, செத்தல் மிளகாய் கறுத்தது. அதன் மேல் ஒரு கை மோர்மிளகாய். புகை எழுந்து முகட்டில் பரந்து முன்னறைக்குள் இறங்கியது. எனக்கு இருமல் பிடித்தது. தையல்போட்ட நெஞ்சைத் தலையணையால் அமத்திக்கொண்டு இருமினேன். மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஃபைனலி! வீடு வீடு மாதிரி மணக்குது!" என்றவள், கொழுவியில் இருந்த கோட்டைக் கண்டாள்.

புகையறிவிப்பான் கத்தத் தொடங்கியது. மகள் கதிரையில் ஏறிக் கை துடைக்கிற துவாயால் அதற்குக் கீழே விசிறினாள். அது நிற்கவில்லை. நான் லாச்சியை இழுத்துத் திறந்து கத்தியை எடுத்து யன்னலடிக்குப் போனேன். பிளாஸ்ரிக் தாளின் மறுபக்கம் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும், தாள் வெடித்துத் திறக்கும்.

"வெட்டாதேங்கோ," என்றாள் மனைவி.

"எல்லாம் முடிஞ்சுது. இனி என்னத்துக்கு உது?"

"இனித்தான் தேவை." அகப்பையைக் கையில் பிடித்தபடி, கண்ணில் நீர் வழிய நின்றாள். அது புகையாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "இப்ப ஒரு சம்பளமும் இல்லை. மாசி கிடக்கு, பங்குனி கிடக்கு. மருந்து வாங்க வேணும். சூடு உள்ளுக்கையே நிக்கட்டும். எங்கட மணம்தானே, எங்களுக்கென்ன?"

நான் கத்தியை லாச்சிக்குள் வைத்தேன்.

அறிவிப்பான் தானாக ஓய்ந்தது. சோறும் பருப்பும் மோர்மிளகாயும். மூவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டோம். மகள் மட்டும் இரண்டாம் தரம் போட்டாள். புகை மெல்ல மெல்லப் படிந்துகொண்டிருந்தது, திரைச்சீலையில், சோபாவில், கொழுவியில் தொங்கிய கோட்டில். அதை எடுத்து அப்பால் வைக்க ஒருவரும் எழவில்லை.

கீழே ஃபேர்னஸ் மூண்டது. மனைவி கையை நிறுத்திக் காதுகொடுத்தாள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த பிடியை எடுத்தாள்.